உள்ளங்கையில் மூன்று வரி

நிருஷாவின் இடது உள்ளங்கை பெரும்பாலும் நீல நிறமாகத்தான் இருக்கும். பேனாவால் அதில் மூன்று வரி எழுதியிருப்பாள். நாலாவது வரிக்கு இடமிருந்தாலும் எழுதமாட்டாள். நாலு எழுதினால் ஒன்றையும் வாசிக்கமாட்டாள் என்று அவளுக்கே தெரியும். கொப்பியை மறந்து வைக்கலாம், கைத்தொலைபேசியை மறந்து வைக்கலாம், இரண்டும் இருக்கிற பையையே ஏதாவது கடையில் விட்டுவிட்டு வரலாம். கையை எங்கேயும் விட்டுவிட்டு வர முடியாது. முப்பத்தாறு வயதில் அவள் கண்டுபிடித்த பெரிய உண்மை இதுதான்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல்களுக்கு நடுவே, நெல்லிவட்டை என்ற ஊருக்கும் அதை ஒட்டிய நாலு குடியிருப்புகளுக்கும் அவள்தான் மருத்துவமாது. ஊரார் கூப்பிடுவது மிஸ். வெள்ளைச் சீருடையோடு ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பவதிகளுக்கு நிறை பார்ப்பாள், பிரஷர் பார்ப்பாள், பிறந்த பிள்ளைகளுக்கு ஊசி நாள் சொல்வாள். அவளுடைய சொந்த வீடு வாவிக்கு மறுபக்கம், எழுவான்கரையில், களுதாவளையில். தினமும் காலையில் குருமண்வெளித் துறையில் ஸ்கூட்டியோடு ‘பாதை’யில் ஏறி வாவியைக் கடப்பாள். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகிற அந்தத் தட்டைப் படகுக்கு அங்கே பாதை என்றுதான் பெயர்.

வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது என்று எழுத ஆசைதான். எழுத முடியாது. முகத்தைப் பார்த்தே ஒரு பெண் காலையில் சாப்பிட்டாளா இல்லையா என்று சொல்லிவிடுவாள். பிள்ளைவலி கண்டு வீடே அலறும்போது அவள் ஒருத்தியின் குரல்தான் நிதானமாக இருக்கும். சிக்கலெல்லாம் சும்மா இருக்கிற நாட்களில்தான். ஆபத்து வந்தால் அவளுக்கு ஒன்பது பேரின் மூளை வேலை செய்யும். ஆபத்தில்லாத செவ்வாய்க்கிழமையில் அரை மூளைகூட ஓரிடத்தில் நிற்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மகளின் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போவாள். நூல் தேடி அலுமாரியைத் திறப்பாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து வாயு மணக்கும்போது அலுமாரிச் சாமான் முழுவதும் கட்டிலில் கிடக்கும். பொத்தான் மட்டும் தைபட்டிருக்காது.

அவளது கணவன் டிலக்சனுக்கு வீட்டு வளவுக்குள்ளேயே அலுமினியக் கதவு, யன்னல் செய்கிற பட்டறை. சாவிகளுக்கென்று சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு சாவியின் உருவத்தையும் அதிலே வரைந்து கொடுத்தவன் அவன்தான். பலகை அழகாக இருக்கிறது. சாவிகள் வேறெங்கோ இருக்கின்றன.

ஆணுக்கு மறதி இருந்தால் பாவம், ஆயிரம் யோசனை அவனுக்கு என்பார்கள். பெண்ணுக்கு இருந்தால் பொறுப்பில்லாதவள் என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நிருஷாவே அதை நம்பிவிட்டிருந்தாள். மற்ற எதையும்விட அதுதான் கொடுமை.

போன வருடம் ஒரு தாயின் இரத்தப் பரிசோதனை முடிவு அவளது பைக்குள் ஒன்பது நாள் கிடந்தது. இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. உடனே கொடுக்க வேண்டிய தாள் அது. தடுப்பூசி அட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டுவிட்டது. பிள்ளை பிறந்து பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, எப்படியோ தப்பியது. பொறுப்பான வைத்திய அதிகாரி அவளைக் கூப்பிட்டார், கத்தவில்லை. “இன்னொரு தரம் இப்படி நடந்தா, வீடுகளுக்குப் போற வேலையை உங்கட கையில தர ஏலாது, நிருஷா” என்று மட்டும் சொன்னார். அவர் கத்தியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அதன் பிறகுதான் அவள் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருந்தாள். தெரிந்த முகத்தைக் கண்டால் யாருக்கோ மருந்தெடுக்க வந்ததாகச் சொல்ல ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தாள். இது கவனக் குறைபாடு, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, உங்களுடைய குணமல்ல இது என்று அங்கிருந்த டொக்டர் சொன்னபோது முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. முப்பத்தைந்து வருடமாக வாங்கிய ஏச்சையெல்லாம் யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது? காலையில் போட ஒரு குளிசை தந்தார்கள். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் பின்னேரம் மூன்று மணியானால் அது கடையைப் பூட்டிவிடும். மூன்றுக்குப் பிறகு உள்ளங்கைதான் துணை.

உள்ளங்கைக்கு ஒரேயொரு சட்டம் உண்டு. கழுவுவதற்கு முன், அதில் இருப்பதை வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிற கொப்பியில் எழுதிவிட வேண்டும். ஒரு வருடமாக அந்தச் சட்டம் உடையவில்லை. கடைசியில் ஒரு செத்த வீடு அதை உடைத்தது.

அன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான். நெல்லிவட்டையில் கனகசிங்கம் போடியார் காலையில் இறந்துபோனார். ஊரின் பெரிய வயல்காரர், மாதாமாதம் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கத் தன் வீட்டு விறாந்தையை விட்டுக் கொடுத்த மனிதர். போகாமல் இருக்க முடியாது. வேலையின் நடுவிலே இரண்டு மணிபோலப் போய் முகம் பார்த்தாள். செத்த வீட்டுக்குப் போனவர்கள் முழுகாமல் தங்கள் வீட்டுக்குள்ளும் ஏறுவதில்லை, கர்ப்பவதியோ பச்சைப் பிள்ளையோ இருக்கிற வீட்டுப் பக்கமும் போவதில்லை. மருத்துவமாது என்றால் மட்டும் ஊர் விட்டுவிடுமா? மாற்றுச் சீருடை களுதாவளையில் இருந்தது. ஆகவே பாதையேறி வீட்டுக்கு வந்து, படியேறாமல் நேராகக் கிணற்றடிக்குப் போனாள்.

போகும்போதே கையைப் பார்த்தாள். மூன்று வரி இருந்தது. கொப்பி வீட்டுக்குள்.

“இஞ்சாருங்க, கொப்பியையும் பேனையையும் கொண்டாங்க, நான் தொட ஏலா!” என்று பட்டறைப் பக்கம் குரல் கொடுத்தாள். டிலக்சன் அலுமினியம் வெட்டிக்கொண்டிருந்தான். மறுகா தாறன், கொஞ்சம் பொறு என்றோ என்னவோ அந்தக் கிறீச்சலுக்குள் சொன்னான். சரி, மூன்றே மூன்று வரிதானே. வாய்க்குள் சொல்லிக்கொண்டே முதல் வாளியை ஊற்றினாள். இரண்டாவது வாளியில் மகள் ஓடிவந்து, “அம்மா, நாளைக்குப் போட்டிக்கு வெள்ளைச் சொக்ஸ் வாங்கினீங்களா?” என்று கேட்டாள். வாங்கவில்லை, வாங்கித் தருவேன், கடை பூட்ட இன்னும் நேரமிருக்கிறது என்று மகளைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள். சவர்க்காரம் போட்டாள். முழுகி முடித்தாள்.

துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றபோது வாய்க்குள் இரண்டு வரிதான் மிச்சமிருந்தது. மாத அறிக்கை, சொக்ஸ். மூன்றாவது இல்லை. அவசரமாகக் கையைத் திருப்பினாள். எழுத்தெல்லாம் போய்விட்டது. ஆனால் விரல்களுக்குக் கீழே ஒரு நீல வட்டம், பாதி அழிந்தும் அழியாமலும் தெரிந்தது. மூன்றாவது வரியை அவள் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். வட்டம் போடுவது உயிர் போகிற காரியத்துக்கு மட்டும். உள்ளே என்ன இருந்தது?

ஈரத் தலையோடு பட்டறைக்கு ஓடினாள்.

“நான் வரக்குள்ள உங்களிட்ட என்னவும் சொன்னனானா?” என்று டிலக்சனிடம் போய்க் கேட்டாள்.

“கொப்பி கேட்டாய். வேற ஒண்டும் சொல்லல்ல.” அவன் அவளுடைய ஈரத் தலையையும் கையையும் மாறிமாறிப் பார்த்தான். “என்ன புள்ள, மறுபடியுமா?”

அந்த ‘மறுபடியுமா’ அவன் கோபத்தில் சொன்னதல்ல, களைப்பில் சொன்னது. கோபமாக இருந்திருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம்.

வீட்டுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். அன்று போன வீடுகள் நாலு எழுதியிருந்தன, நாலும் முடிந்தவை. ஒன்றிலும் குறையில்லை. மேசையில் மாத அறிக்கை பாதியில் கிடந்தது. ஒரு வரியையாவது முடிப்போம், முடிக்கும்போது மற்றது ஞாபகம் வரும் என்று உட்கார்ந்தாள். ஊசி போட்ட பிள்ளைகள், போடாத பிள்ளைகள், கூட்டுத்தொகை ஒன்று பொருந்தவில்லை. அது ஏன் பொருந்தவில்லை என்று பார்க்கத் தொடங்கினாள். பத்து நிமிடம் போயிருக்கும் என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினாள். மணி ஐந்து இருபது. ஒரு மணித்தியாலத்தை யாரோ அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பதறி எழும்பிப் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். அட்டைகள், நிறை பார்க்கிற தராசுப் பை, கையுறை, மகளின் அழிறப்பர் எல்லாம் விழுந்தன. பிரஷர் மெசின் விழவில்லை.

ஸ்கூட்டிப் பெட்டியிலும் இல்லை. அது அரசாங்கச் சாமான். கையொப்பம் வைத்து எடுத்தது. எங்கே விட்டாள்? செத்த வீட்டிலா, பாதையிலா, யாருடைய வேலியிலா? பொறுப்பில்லாதவள், பொறுப்பில்லாதவள் என்று அவள் தலைக்குள் பழைய பாட்டு தொடங்கிவிட்டது.

“அதையும் விட்டுட்டு வந்திட்டியா?” டிலக்சன் பட்டறையை விட்டு வந்து வாசலில் நின்றான். “சரி, நாளைக்குக் காலம்பற போய்ப் பாரன். ஆரு எடுக்கப் போறா அதை?”

“இப்பப் போறன்.”

“உனக்கென்ன விசரா? ஆறு மணிக்குக் கடைசிப் பாதை. மறுகா பட்டிருப்புப் பாலத்தால சுத்தித்தான் வரணும். பொழுதுபட்டா அந்த ரோட்டில யானை இறங்கும்.”

“இந்த வட்டத்துக்குள்ள என்ன இருந்ததெண்டு தெரியாம எனக்கு இரிக்க ஏலா.”

“நீ மெசினைத் தேடிப் போறியா, வட்டத்தைத் தேடிப் போறியா?”

“தெரியா. ரெண்டும் அங்கதான் கிடக்கு.” கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “போன தரமும் நாளைக்குப் பாப்பம் எண்டுதான் ஒம்பது நாள் போனது.”

டிலக்சன் உள்ளே போய்த் தேடி, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடந்த ஸ்கூட்டிச் சாவியை எடுத்துவந்து கொடுத்தான். “சொக்ஸ் நான் வாங்கிறன். போனைக் கையில வச்சிக்க” என்றான்.

பாதை புறப்பட்டபோது ஐந்தே முக்கால். மூன்று மோட்டார் சைக்கிள், நெல்லு மூடையோடு ஒரு சின்ன லொறி, செத்த வீட்டுக்குப் போகிற நாலைந்து பேர். வாவி மங்கிக்கொண்டு வந்தது. நிருஷா முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு யோசனை எங்கே விழுந்ததோ அந்த இடத்தில் போய் நின்றால் அது சில நேரம் திரும்பி வரும். இது அவளுடைய சொந்த வைத்தியம். காலையில் இருந்து போன வீடுகளை ஒன்றொன்றாக மனதுக்குள் திறந்தாள். முதல் வீட்டில் பிரஷர் பார்த்தாள், மெசின் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. நாலாவது வீட்டில் பிள்ளைக்கு நிறை மட்டும்தான், மெசினை எடுக்கவேயில்லை. அங்கிருந்து செத்த வீட்டுக்கு.

இல்லை. நாலாவது வீட்டிலிருந்து நேரே செத்த வீட்டுக்குப் போகவில்லை. நடுவில் எங்கேயோ நிழலான முற்றம். வாளித் தண்ணீர். ஒரு தையல் மெசின்.

தையல் மெசினுக்கு மேலே, விரித்திருந்த பூத்துணியில், பிரஷர் மெசினை அவளுடைய கையேதான் வைத்தது. “இது இங்க கிடக்கட்டும் துஷாந்தினி. இது இங்க இருந்தா நான் திரும்பி வராம இரிக்கேலா” என்று அவளுடைய வாயேதான் சொன்னது.

அவள் மெசினை விட்டுவிட்டு வரவில்லை. வைத்துவிட்டு வந்திருக்கிறாள். தன் மறதிக்குத் தானே அடித்த முளை அது. வாழ்நாள் முழுவதும் சாமான்களைத் தொலைத்தே பழகியவள், வேண்டுமென்று ஒன்றை வைத்துவிட்டு வந்ததையும் தொலைத்த கணக்கில் போட்டுவிட்டாள்!

மிச்சம் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. துஷாந்தினிக்கு இருபத்துநாலு வயது, முதல் பிள்ளை, எட்டு மாதம். கணவன் கட்டாரில். கூட இருப்பது தாய் புஸ்பம் மட்டும். போடியார் புஸ்பத்துக்குத் தமையன் முறை என்பதால் அவ காலையிலிருந்தே செத்த வீட்டில். கர்ப்பவதி செத்த வீட்டுக்குப் போகக்கூடாது. செத்த வீட்டுக்குப் போனவர்கள் கர்ப்பவதியிடம் வரக்கூடாது. ஊர் முழுவதும் அங்கே, அவள் ஒருத்தி இங்கே. ஒன்றே முக்காலுக்குப் பார்த்தபோது பிரஷர் நூற்று நாற்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றுநாலு. அப்போதுதான் கிணற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் தூக்கி வந்திருந்தாள். கொஞ்சம் படு, முழுகிவிட்டு இரண்டு மணித்தியாலத்தில் வந்து மறுகாப் பார்க்கிறேன், அப்போதும் இப்படி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவேன் என்று சொல்லி, இரண்டு அளவையும் சேர்த்து எழுதலாம் என்று பதிவேட்டில் எழுதாமலே வந்தாள். உள்ளங்கையில் ‘துஷா பிரஷர்’ என்று எழுதி வட்டம் போட்டாள்.

இப்போது மணி ஐந்து ஐம்பத்திரண்டு. நாலு மணித்தியாலத்துக்கு மேல்.

துஷாந்தினியின் இலக்கத்துக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. பாதை அதே வேகத்தில் ஊர்ந்தது. ஓடவும் முடியாது, இறங்கவும் முடியாது.

அம்புலன்ஸைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அது பதிவாகும். யார் கூப்பிட்டது, எப்போது பார்த்தது, நடுவில் ஏன் பார்க்கவில்லை என்று கேள்வி வரும். வைத்திய அதிகாரியின் மேசைக்குப் போகும். அதோடு எல்லாம் முடிந்தது. கூப்பிடாமல் இன்னும் இருபத்தைந்து நிமிடம் பொறுத்தால் அவளே போய் அளந்து பார்த்துவிடலாம். அனேகமாக ஒன்றும் இருக்காது. படுத்துத் தூங்கியிருப்பாள். பிரஷர் இறங்கியிருக்கும். மெசினை எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. நிருஷா அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். கரை கொஞ்சம் கிட்டவரும்வரை அதைத்தான் நினைத்தாள்.

பிறகு, பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தப் பிள்ளை ஞாபகம் வந்தது. அம்புலன்ஸ் இலக்கத்தை அழுத்தினாள்.

“நெல்லிவட்டை. மேட்டு வீடுகள். வைரவர் கோயிலுக்குப் பின் ஒழுங்கை. எட்டு மாதக் கர்ப்பவதி, பிரஷர் கூட… நான் அந்த இடத்து மிட்வைஃப்தான்… இல்ல, இப்ப பக்கத்தில இல்ல, வந்துகொண்டிரிக்கன்… ஒண்டே முக்காலுக்குப் பார்த்தது.” மறுபக்கம் ஏதோ கேட்டது. பாதையில் நின்றவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிருஷா முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. “மறுகா பாக்கல்ல. மறந்திட்டன்” என்றாள்.

பாதைக்காரர் வந்து லொறிக்கு முன்னால் நின்ற மோட்டார் சைக்கிள்களைத் தள்ளி அவளுடைய ஸ்கூட்டிக்கு வழி எடுத்தார். “முதல்ல நீங்க இறங்குங்க மிஸ்” என்றார்.

கரையிலிருந்து ஊருக்குச் சுற்று வழியும் உண்டு, நேர் வழியும் உண்டு. நேர் வழி வெள்ளைக்கொடி கட்டிய செத்த வீட்டு ஒழுங்கையால் போனது. பிணம் எடுத்து வெகுநேரமாகிவிட்டது. வாசலில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவள் அந்த வழியாலேயே விட்டாள். கூட்டத்துக்குள் புஸ்பத்தைக் கண்டு, வண்டியை நிறுத்தாமலே, “வீட்டுக்கு வாங்க, சுறுக்கா வாங்க!” என்று கத்திக்கொண்டு போனாள்.

துஷாந்தினி படுத்திருக்கவில்லை. விறாந்தைத் தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே போகிற சட்டை போட்டிருந்தாள். பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பை, கட்டி வைத்தபடி. மடியில் பிரஷர் மெசின். முகம் மத்தியானம் பார்த்த முகமில்லை. கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தது.

“மிஸ்ஸா?” என்று கேட்டாள். மூன்றடி தூரத்தில் நின்றவளைப் பார்த்துத்தான் கேட்டாள்.

நிருஷாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையுறையையோ கதிரையையோ தேடவில்லை. முழங்காலில் நின்று அவளது கையில் பட்டியைச் சுற்றினாள். “கண் தெரியல்லையா புள்ள?”

“மங்கலா இரிக்கு. தலை இடிக்கிது மிஸ், மூணு மணியில இருந்து. நெஞ்சுக்குக் கீழயும் ஒரு நோ. போன் அடிச்சது, எழும்பப் போனா தலை சுத்தினது.”

“மூணு மணிக்கே இடிச்சதெண்டா ஏன் போகல்ல? ஆரையும் கூப்பிடல்லையா?”

“நாலு மணிக்கு ஓட்டோக்கார அசனார் காக்கா வந்தவர். வா புள்ள, ஆசுபத்திரியில இறக்கிவிடுறன் எண்டவர். நான்தான் போகல்ல.” துஷாந்தினி மூச்சு வாங்கினாள். “நீங்க வாறன் எண்டீங்களே மிஸ். மெசினையும் வச்சித்துப் போயிரிக்கீங்க. அதை விட்டுத்து வராம இரிப்பீங்களா? நீங்க வந்து பார்த்து, நான் இல்லையெண்டா உங்களுக்குக் கரச்சல் எண்டு இரிந்தன்.”

மெசின் உறுமி நின்றது. நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு.

ஆபத்து வந்துவிட்டது; இனி நிருஷாவுக்கு ஒன்பது பேரின் மூளை. இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தாள், அம்புலன்ஸுக்கு மறுபடி பேசி அளவைச் சொன்னாள், ஆஸ்பத்திரிப் பிரசவ விடுதிக்குப் பேசினாள், வலிப்பு வந்தால் என்று பக்கத்தில் கிடந்த கதிரையையும் கத்தரிக்கோலையும் அகற்றினாள். இதில் எதையும் அவள் எங்கேயும் எழுதி வைத்துச் செய்யவில்லை.

புஸ்பம் ஓடி வந்து படலையடியிலேயே நின்றுவிட்டா. “நான் துடக்கோட நிக்கிறன் மிஸ். முழுகல்ல. எப்படி உள்ளுக்கு வாற?”

“நானும் அந்த ஒழுங்கையாலதான் வந்தன். வாங்க உள்ளுக்கு! அடையாள அட்டை எங்க, எடுங்க. துடக்கெல்லாம் மறுகா பாப்பம்.”

புஸ்பம் ஒரு கணம் வானத்தைப் பார்த்தா. பிறகு படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டா.

அம்புலன்ஸ் ஆறு முப்பத்தைந்துக்கு வந்தது. அன்றைக்கே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. தாய்க்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தரம் வலிப்பு வந்தது; அங்கே எல்லாம் தயாராக நின்றபடியால் தப்பினாள். அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்று அங்கே ஒரு டொக்டர் தொடங்கிய வசனத்தை முடிக்கவில்லை. விசாரணையும் நடந்தது. நிருஷா நாலு மாதம் வீடுகளுக்குப் போகாமல் அலுவலகத்தில் இருந்து அட்டை அடுக்கினாள். திரும்பப் போனபோது ஒவ்வொரு வீட்டிலும் முதல் வசனமாக, “நான் மறக்கிற ஆள். நான் வருவன் எண்டு ஒருத்தரும் காத்திரிக்கக்கூடா. நேரத்துக்கு வராட்டி எனக்குப் போன் அடியுங்க, தலையிடிச்சா எனக்கும் அடிக்காம ஆசுபத்திரிக்குப் போங்க” என்று சொல்லத் தொடங்கினாள். இப்போது அவளுடைய போன் ஓய்வதேயில்லை.

ஆனால் அந்த ஆறு முப்பத்தைந்துக்கு அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. துஷாந்தினியைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றும்போதும் அவள் நிருஷாவின் விரலை விடவில்லை. “நீங்க வருவீங்க எண்டு எனக்குத் தெரியும் மிஸ்” என்றாள். யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட நிருஷாவுக்கு அவ்வளவு நொந்திருக்காது.

“கர்ப்பவதி அட்டையைத் தாங்க” என்று அம்புலன்ஸில் வந்தவர் கையை நீட்டினார்.

அட்டையில் அன்றைய திகதிக்கு நேரே கட்டம் வெறுமையாக இருந்தது. ஆறு இருபத்தைந்து, நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள். அது போதும். அந்த ஒரு வரியோடு கொடுத்துவிட்டால், பின்னேரம் பார்த்தாள், கூட இருந்தது, உடனே அனுப்பினாள் என்றுதான் எவரும் வாசிப்பார்கள். பாதையில் சொன்ன சொல்லைக் காற்றில் போன சொல்லாக்கிவிடலாம். கட்டத்தில் மேற்கொண்டு இடமும் இல்லை. நிருஷா அட்டையைத் திருப்பி, ஓரத்து வெள்ளையில் எழுதினாள்: ‘1.45க்கு 142/94. இரண்டு மணித்தியாலத்தில் மீண்டும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறந்துவிட்டேன்.’ கீழே கையொப்பம் வைத்தாள்.

அவர் அதை வாசித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். “மிஸ், இதை எழுதத்தான் வேணுமா? ஒருத்தரும் கேக்கப் போறல்லயே.”

“எழுதணும்” என்றாள் நிருஷா. “எழுதாட்டி இதையும் மறந்திடுவன்.”